புராஸ்டேட் புற்றுநோய்: மருந்துக் கடையில் மெல்லக் கேட்டவை

சேலம் அம்மாப்பேட்டையில் 28 ஆண்டுகள் மருந்துக் கடை வைத்திருந்தேன். இருமல் மருந்து வாங்க வருபவர் தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். நீர் சரியாகப் போகவில்லை என்று வருபவர் மட்டும் மற்றவர்கள் கலையும்வரை சோப்பு விலையைப் படித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். அப்படி நின்றவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் மருந்தாளுநன், மருத்துவன் அல்ல. யாரை, எப்போது, எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது வரைதான் என் பேச்சு.

புராஸ்டேட் என்றால் என்ன? எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு, ஏறக்குறைய 20 கிராம் எடை. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கு இங்கே சுரக்கிறது. இதன் வேலை அவ்வளவுதான். வயது ஏற ஏற இது கொடுக்கும் தொல்லைதான் பெரிது.

பெரியப்பா இரவில் நான்கு முறை எழுகிறார். புற்றுநோயாக இருக்குமோ?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

சுரப்பியை நம் பழைய ஓட்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் அதன் கூடத்தின் வழியாகப் போகிறது. ஐம்பது வயதுக்குமேல் கூடத்தில் சதை வளரும், வழி குறுகும். முக்கினால்தான் நீர் வரும், வேகம் இருக்காது, முடித்துவிட்டுத் திரும்பினால் மீண்டும் வருவதுபோல் இருக்கும், வேட்டியில் சொட்டும். இது புராஸ்டேட் வீக்கம். புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோயோ பத்தில் ஏழு பேருக்குப் பின்கட்டில் ஆரம்பிக்கிறது. குழாயை விட்டுத் தள்ளியிருக்கும் இடம் அது. அங்கே கட்டி வளர்ந்தாலும் கூடத்தில் நடப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே நீர் போவதில் தொல்லை இருப்பதால் மட்டும் புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம். நீர் நன்றாகப் போகிறது என்பதால் புற்றுநோய் இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. நான் பார்த்தவரை இந்த இரண்டாவது தவறுதான் அதிகம் பேரைக் கவிழ்த்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரவும் செய்யும்.

இரவில் எழுவதற்குப் புராஸ்டேட்டே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கட்டுப்படாத சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குச் சாயங்காலம் போடும் நீர் மாத்திரை, பகலெல்லாம் கால் வீங்கி இரவு படுத்ததும் அந்த நீர் வடிவது, எல்லாமே எழுப்பிவிடும். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் யாராக இருந்தாலும் கூடுதலாக ஒருமுறை எழத்தான் செய்வார்கள்.

அப்படியானால் புற்றுநோய் எப்படித்தான் வெளியே தெரியும்?

குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. கட்டி பெரிதாகிக் குழாயை நெருக்கினால் வீக்கத்துக்குச் சொன்ன அதே அறிகுறிகள் வரும். சிறுநீரிலோ விந்திலோ இரத்தம் கலந்து வரலாம். இரத்தம் ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். கல், கிருமி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு என்பதால் சொல்கிறேன். ஆண்மைக் குறைவும் சிலருக்கு வரும். ஆனால் அதற்குச் சர்க்கரையும் புகையும்தான் முதல் காரணங்கள்.

இந்த நோய் பரவ விரும்பும் இடம் எலும்பு. முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி. வேலை செய்யும்போது மட்டும் வராமல், படுத்தாலும் விடாமல், இரவில் அதிகமாகி, வாரக்கணக்கில் நீளும் ஊமை வலி அதன் அடையாளம். கூடவே உடல் மெலிவு, இரத்தசோகை, காரணம் தெரியாத அசதி.

என் தாய்மாமனுக்கு அப்படித்தான் வந்தது. தறிக்குழியில் நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து பட்டு நெய்தவர். இடுப்பு வலி என்றார். தறிக்காரனுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு எங்கே வலிக்கும் என்று நினைத்து, எட்டு மாதம் நானேதான் தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தேன். நீர் போவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் கால் இழுக்க ஆரம்பித்த பிறகு ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் நான்கு இடங்களில் நோய் இருந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவர் புதிதாக முதுகு வலி என்றால், இரண்டு வாரத்துக்குமேல் மாத்திரை தராமல் மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் எனக்கு அதன் பிறகுதான் வந்தது.

உடனே ஓட வேண்டிய நிலை எது?

மூன்று. முதுகு வலியோடு கால்கள் வலுவிழப்பது, மரத்துப்போவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது: தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். படுத்துவிட்ட பிறகு எழுப்புவது கடினம். இரண்டாவது, நீர் முழுதாக அடைத்துக்கொண்டு அடிவயிறு கல்போல் ஆவது. மூன்றாவது, கட்டி கட்டியாக இரத்தம் வருவது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் அடைத்துக்கொண்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிச் சேலம் வர வேண்டியதில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையில் ட்யூப் போட்டு நீரை வடித்துவிட்டுப் பிறகு கீழே வரலாம். வாழவந்தி, நாகலூர்ப் பக்கம் பஸ்ஸுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

யாருக்கு அதிகம் வருகிறது?

முதல் காரணம் வயது. நாற்பதுக்குள் அரிது, ஐம்பதைத் தாண்டினால் ஏறுகிறது, அறுபத்தைந்துக்குமேல்தான் பெரும்பாலோர். எழுபதைக் கடந்து வேறு காரணங்களால் இறந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்ததில் மூன்றில் ஒருவருக்காவது இந்தச் சுரப்பியில் புற்றுச் செல்கள் இருந்திருக்கின்றன. அவர்களுக்கே அது தெரியாது, அதனால் இறக்கவும் இல்லை. இந்த நோயின் விசித்திரம் இதுதான்: ஒருவரிடம் ஆமையாக ஊர்கிறது, இன்னொருவரிடம் நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிறது.

இரண்டாவது குடும்பம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறுபதுக்கு முன்பே வந்திருந்தாலோ, இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ இன்னும் கூடும். மூன்றாவது இனம்: ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு அதிகம், ஆசியர்களுக்குக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. உடல் பருமன் உள்ளவர்களிடம் தீவிர வகை கூடுதல். புகைப்பவர்கள் இந்த நோயால் இறப்பதும் கூடுதல்.

தாத்தா எதனால் இறந்தார் என்றே எங்கள் வீட்டில் தெரியாதே?

யார் வீட்டில் தெரியும்? மருத்துவரிடம் கேட்டால் ‘குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். பெயர் வைக்கப்படாத நோய்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். ‘நீர்க்கட்டில் போய்விட்டார்’, ‘இடுப்பு விழுந்து ஒரு வருஷம் படுத்திருந்தார்’, ‘வயசாகி எலும்பு எல்லாம் உளுத்துப்போச்சு’ என்பார்கள். இவையெல்லாம் புராஸ்டேட் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீரடைப்போடு இடுப்பு வலியும் சேர்ந்து ஒருவர் படுத்தார் என்றால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பெண்கள் பக்கத்தையும் கேளுங்கள். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. அதே பிழை ஆண்களுக்கு, இளம் வயதிலேயே, தீவிரமான புராஸ்டேட் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும். அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். நாற்பத்திரண்டு வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்த அத்தை, உங்கள் புராஸ்டேட் கணக்கில் சேர்க்க வேண்டிய ஆள்.

ஊரில் இதைக் கேட்பதற்குச் சரியான இடம் கல்யாண வீடு. பந்திக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூத்த அத்தையிடம் கேட்டால் மூன்று தலைமுறை விவரமும் வந்து விழும்.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு வருமா? சைக்கிள் ஓட்டினால்?

அந்த அறுவை சிகிச்சைக்கும் இந்த நோய்க்கும் பெரிய ஆய்வுகள் தொடர்பே காணவில்லை, அல்லது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறிய தொடர்பைத்தான் கண்டன. சைக்கிள் புற்றுநோயைத் தராது. தறியில் உட்கார்ந்திருப்பதும் தராது.

வெள்ளிப் பட்டறை வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் கேட்ட கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. கொலுசில் மணியும் வளையமும் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அதன் புகை நுரையீரலுக்குள் போகிறது. கே.டி.எம். நகை என்று சொல்கிறோமே, அந்தப் பெயரே காட்மியத்திலிருந்து வந்ததுதான். காட்மியம் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக ஏற்றுக்கொண்ட ஒன்று. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை தொடர்பு தென்பட்டிருக்கிறது, உறுதியாகவில்லை. எப்படியானாலும் காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பட்டறையில் சன்னலைத் திறந்துவையுங்கள், புகை வெளியேற விசிறி வையுங்கள், காட்மியம் இல்லாத பொடி கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கும் இதே மாதிரிதான் பதில். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநில விவசாயிகளிடம் நடந்த நீண்ட ஆய்வில் மாலத்தியான் உள்ளிட்ட சில பூச்சிக்கொல்லிகளுக்கும் தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்பட்டது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தெளிக்காதீர்கள்.

எதைச் சாப்பிட்டால் வராது?

அப்படி ஒரு பண்டமும் இல்லை. தக்காளி, கிரீன் டீ, மாதுளை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், எதுவும் நிரூபணமாகவில்லை. வைட்டமின் ஈ விஷயத்தில் மட்டும் எச்சரிக்கிறேன். 35,000 ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், தினம் 400 அலகு வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-இல் தெரியவந்தது. முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று அந்தப் பச்சைக் காப்ஸ்யூலை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்களை எனக்குத் தெரியும். நானே விற்றிருக்கிறேன்.

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபியை இதில் குற்றம் சாட்ட ஒன்றுமில்லை. ஆறு மணிக்குமேல் குடித்தால் இரவில் எழுப்பும், அவ்வளவே.

பி.எஸ்.ஏ. நாலுக்குமேல் இருந்தால் புற்றுநோய்தானே?

இல்லை. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், அதில் சிறிதளவு இரத்தத்தில் கசிகிறது. சுரப்பிக்கு எந்தத் தொந்தரவு வந்தாலும் கசிவு கூடும். வீக்கம், கிருமித் தொற்று, நீரடைப்பு, ட்யூப் போட்டது, இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியது, சோதனைக்கு முன் நீண்ட தூரம் சைக்கிள் மிதித்தது, எல்லாமே எண்ணை ஏற்றும். 4 முதல் 10 வரை இருப்பவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். 10-ஐத் தாண்டினால் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருக்கிறது. மறுபக்கம், 4-க்குக் கீழே இருந்தவர்களிடமும் சதை எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இருந்தது. ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் அழ வேண்டாம், துள்ளவும் வேண்டாம். தொற்று இருந்தால் ஆறிய பிறகு சில வாரம் கழித்து மறுபடி எடுப்பதுதான் முறை.

இனி, மருந்துக்காரனாக நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. புராஸ்டேட் வீக்கத்துக்கு டியூட்டாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு தருகிறார்கள். நீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சாப்பிட்டால் இது பி.எஸ்.ஏ.-வைப் பாதியாகக் குறைத்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் உண்மையில் 6 என்று கணக்கிட வேண்டும். ஆய்வகம் ‘நார்மல்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடும், ஏனென்றால் நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதே ஃபினாஸ்டெரைடு குறைந்த அளவில் முடி உதிர்வுக்கும் விற்கிறது. வழுக்கைக்கு மாத்திரை போடுவதை மனைவியிடம்கூட மறைக்கும் ஆண்கள் மருத்துவரிடமாவது சொல்லுங்கள்.

ஒன்றும் தொல்லை இல்லாதவர் சும்மா பி.எஸ்.ஏ. பார்க்கலாமா?

மருத்துவ உலகமே இரண்டாகப் பிரிந்து வாதாடிய கேள்வி இது. ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் ஏற்படும் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு விலையாக, வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத புற்றுகளும் ஏராளமாகப் பிடிபட்டன. தேவையில்லாத அறுவை சிகிச்சை, அதன் பிறகு நீர்க் கசிவு, ஆண்மை இழப்பு. அமெரிக்க வழிகாட்டிக் குழு 2018-இல், 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம், 70-க்குமேல் வேண்டாம் என்றது. நம் நாட்டின் அரசுத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் முன்கூட்டித் தேடுகிறது. புராஸ்டேட் அதில் இல்லை.

என் எண்ணம் இது: குடும்பத்தில் இருந்தால் 45-இலும், பி.ஆர்.சி.ஏ. 2 பிழை தெரிந்தால் 40-இலும், மற்றவர்கள் 50-க்குமேலும் மருத்துவரிடம் இந்தப் பேச்சை எடுக்கலாம். சலுகை விலை முழு உடல் பரிசோதனைகளில் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் பி.எஸ்.ஏ. சேர்த்து எடுத்து, குடும்பத்தையே தூங்கவிடாமல் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

விரல் பரிசோதனை அவசியமா?

ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பார்கள், சங்கடம் அரை நிமிடம். சுரப்பியின் பின்கட்டு மலக்குடலை ஒட்டியே இருப்பதால், கல்போல் கடினமான முடிச்சு இருந்தால் விரலுக்குத் தட்டுப்படும்.

சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

கத்தி பட்டால் கிளைத்துவிடும் என்ற இந்தப் பயத்தால் ஓராண்டை வீணாக்கியவர்கள் உண்டு. புராஸ்டேட் பயாப்சி நோயைப் பரப்புவதில்லை. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சந்தேகமான இடத்தைக் குறித்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் பன்னிரண்டு துணுக்குகள்வரை எடுப்பார்கள். சில நாள் சிறுநீரில் சிவப்பு தெரியும், விந்தில் சில வாரங்கள்கூட. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே திரும்பிப் போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘க்ளீசன்’ என்று போட்டிருக்கிறதே?

டொனால்டு க்ளீசன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1960-களில் வகுத்த மதிப்பெண். நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு ஒழுங்கு கெட்டிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. 6 சாது, 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை முரடு. இப்போது இதையே 1 முதல் 5 வரை தரக்குழுவாகவும் எழுதுகிறார்கள்.

அண்ணனுக்குச் சிகிச்சையே வேண்டாம், கவனித்தால் போதும் என்றார் மருத்துவர். கைவிட்டுவிட்டாரா?

இல்லை, அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். க்ளீசன் 6 உள்ள சிறிய கட்டியை, குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி என்று கண்காணிப்பது ஏற்கப்பட்ட வழி. பிரிட்டனில் சுரப்பியோடு நின்ற நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: எந்தப் பிரிவானாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை. ஆனால் கண்காணிப்பு என்றால் தேதி தவறாமல் போக வேண்டும். அறுவடை, பண்டிகை என்று இரண்டு முறை தள்ளிப்போட்டால் அதற்குப் பெயர் கண்காணிப்பு அல்ல.

எலும்புக்குப் பரவிவிட்டது என்றால் எல்லாம் முடிந்ததா?

முழுதாகக் குணமாக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்கலாம். இந்தப் புற்றுக்குத் தீனி ஆண் ஹார்மோன். விரைகளை எடுத்தால் நோய் சுருங்குகிறது என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார், 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சிறிய அறுவை சிகிச்சை இன்றும் மலிவான, ஒரே தடவையில் முடிகிற வழி. விரும்பாதவர்களுக்கு மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி. பெரும்பாலான வகைகளில் முதல் ஊசி ஹார்மோனைச் சில நாள் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும் என்பதால், அதற்கு முன்பே ஒரு தடுப்பு மாத்திரை எழுதித் தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஆண் ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை எழுதினால் வெறும் வயிற்றில். கூடவே தரும் பிரெட்னிசோலோனை ‘ஸ்டீராய்டு ஆயிற்றே’ என்று தானாக நிறுத்தக் கூடாது. எலும்பு வலிக்குக் கரண்ட் வைப்பார்கள், அதாவது கதிர்வீச்சு. சில தடவைகளிலேயே பலருக்கு வலி நன்றாகக் குறையும்.

சேலத்தில் எங்கே போவது? செலவு?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி என்று கேளுங்கள், சிறுநீர்ப் பாதையும் புராஸ்டேட்டும் பார்க்கும் பிரிவு அது. நெப்ராலஜி என்பது சிறுநீரகச் செயலிழப்பும் டயாலிசிஸும் பார்க்கும் பிரிவு. பெயரைக் குழப்பிக்கொண்டு தவறான வரிசையில் அரை நாள் நின்றவர்கள் பலர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையாமல் அட்டையை இப்போதே எடுத்துவையுங்கள்.

முதல்முறை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய பி.எஸ்.ஏ. சீட்டுகள் எல்லாம், தேதி தெரியும்படி. எண்ணை விட அது ஏறிய வேகம் முக்கியம். அப்பா, சித்தப்பா, அண்ணன், அத்தை யாருக்கு என்ன வயதில் என்ன வந்தது என்று எழுதிய ஒரு தாள். மூன்று நாள் எத்தனை முறை, எவ்வளவு நீர் போனது என்ற குறிப்பு. வீட்டில் ஒரு பழைய அளவுக் குவளை போதும். கூட ஒரு ஆள். அப்புறம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். அதை வீட்டில் வைத்துவிட்டு ‘வெள்ளையாக, சின்னதாக இருக்கும்’ என்று சொல்லாதீர்கள். என் கடையில் வெள்ளையாகச் சின்னதாக இருநூறு மாத்திரைகள் இருந்தன.